கேட்போரைத் தேடும் கூற்று: மலேசிய, சிங்கப்பூர் ஓராள் நாடகங்கள் (1984–1998)

சில ஆண்டுகளுக்கு முன்னர் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கென நடைபெற்ற நாடகப் பயிலரங்கு ஒன்றில், ஸ்டெல்லா கோன் எழுதிய 'எமிலி ஆஃப் எமரல்ட் ஹில்' என்னும் ஆங்கில நாடகத்தின் ஒரு பகுதியைத் தமிழாக்கிப் படிக்கக் கொடுத்திருந்தோம். படித்து முடித்ததும் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "ஐயா, இதில் ஒருத்திதான் பேசிக்கொண்டே இருக்கிறாள். மறுத்துப் பேச ஒருவருமில்லை. இதை நாடகம் என்று எப்படிச் சொல்வது? எழுந்து நின்று கதை படிப்பதுபோல் அல்லவா இருக்கிறது?" என்று வினவினார். அன்று நாம் அளித்த விடை அவருக்கும் நிறைவு தரவில்லை, நமக்கும் நிறைவு தரவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

நம் பள்ளிகளில் 'தனிநடிப்பு' என்றொரு போட்டி உண்டு. கண்ணகியாகவோ கட்டபொம்மனாகவோ வேடமிட்ட மாணவர் உரத்த குரலில் ஐந்து மணித்துளிகள் முழங்கிவிட்டு இறங்குவதே பெரும்பாலும் அதன் இயல்பு. ஓரங்க நாடகம் என்பதோ ஒரே அங்கத்தில் பல மாந்தர் வந்துபோகும் வேறொரு வடிவம். இவ்விரண்டிற்கும் இடையில், ஒரே மாந்தர் ஒரு முழு வாழ்க்கையையும் தம் கூற்றாலேயே மேடையில் நிறுவும் ஓராள் நாடகம் நம் தமிழ் மேடையில் அரிதாகவே வழங்கிவந்துள்ளது. ஆனால் 1980களில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியோர் இவ்வடிவத்தையே விரும்பிக் கைக்கொண்டனர். அவர்கள் தனித்தனியே எழுதியவரல்லர். ஒருவர் எழுதியதை மற்றொரு நாடகாசிரியர் இயக்கினார். அதில் நடித்தவர் பின்னர்த் தாமே ஓராள் நாடகம் எழுதினார். உடன் எழுதுவோரின் ஆக்கத்தை நயத்தல் என்பது இவர்களிடையே மதிப்புரையாக மட்டும் நிகழாது அரங்கச் செயலாகவே நிகழ்ந்தது. இதனை வரலாற்று முறையில் காண்பதே நம் நோக்கம். தமிழுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு என்பது போகப் போகத் தெரியவரும்.

கூற்றும் கேட்போரும்

ஆசிரியையின் வினாவிற்கு விடை தேடுங்கால், மேலைநாட்டு நாடகத் திறனாய்வு நூல்களைக் காட்டிலும் தொல்காப்பியச் செய்யுளியலே நமக்குப் பெரிதும் துணைநின்றது. (அயல்நாட்டில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் இவ்வாறு சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்.) செய்யுளின் உறுப்புகள் முப்பத்து நான்கினுள் கூற்று ஓர் உறுப்பு, கேட்போர் என்பது தனியே வேறோர் உறுப்பு. களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் உடன் எண்ணப்படுகின்றன. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் ஒருவர் கூற்றே. ஆயினும் அதனைத் தனிமைப் புலம்பல் என்று நாம் கொள்வதில்லை. தலைவி பேசும்பொழுது தோழி கேட்கிறாள். தோழிக்குச் சொல்வதுபோல் சிறைப்புறத்து நிற்கும் தலைவனுக்கும் அது சொல்லப்படுகிறது. கேட்பவர் வாய்திறவாமலே அங்கு நாடகம் நிகழ்ந்துவிடுகிறது. இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்கு உரைத்தது என்பதைப் படிப்பவரே உய்த்துணரவைப்பது முன்னம். சொல்லாது விடுத்ததைச் சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ளுமாறு அமைவது எச்சம்.

செய்யுளியல் மேடை நாடகத்திற்கு வகுத்த இலக்கணமன்று என்பதை நாம் அறிவோம். எனினும் ஓராள் நாடகத்தை மதிப்பிட 'இவர் யாரிடம் பேசுகிறார்?' என்பதினும் சிறந்த முதல் வினா இல்லை. அவ்வினாவைத் தனியோர் உறுப்பாகவே வைத்துப் போற்றிய மரபு நம்முடையது.

எமிலி

ஸ்டெல்லா கோன் இந்நாடகத்தை 1982இல் எழுதினார். 1983இல் சிங்கப்பூர்த் தேசிய நாடகப் போட்டியில் அது பரிசு பெற்றது. எனினும் முதன்முதலாக மேடையேறியது சிங்கப்பூரில் அன்று. 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நம் நாட்டுச் சிரம்பான் நகரிலாகும். அதனை இயக்கிய சின் சான் சூய், நம் நாட்டுக் காப்பித்தான் யாப் ஆ லோயைப் பற்றி நாடகம் எழுதியவர். அதாவது அவரும் நாடகாசிரியரே. எமிலியாக நடித்த லியாவ் புவே தின்னும் பின்னாளில் நாடகாசிரியராகப் பெயர் பெற்றவர். ஒரு நாடகாசிரியரின் படைப்பை அண்டை நாட்டு நாடகாசிரியர் இருவர் கையேற்று முதன்முதல் உயிர்பெறச் செய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டே மேக்ஸ் லெ புளோண்டின் இயக்கத்தில் மார்கரெட் சான் நடிக்கச் சிங்கப்பூரிலும் அது மேடை கண்டது. நம் நாட்டில் சின் சான் சூய் இயக்கத்தில் பெர்லி சுவா அப்பாத்திரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட முறை ஏற்று நடித்துள்ளார்.

எமிலி கான், பாபா–நியோன்யா சமூகத்தைச் சேர்ந்த பெருங்குடும்பத் தலைவி. தாயால் கைவிடப்பட்ட சிறுமியாய் இருந்து, பதினான்கு வயதில் மணமுடித்து வந்து, எமரல்ட் ஹில் மாளிகையையே தன் கைக்குள் கொண்டுவந்தவள். தொலைபேசியில் தன்னையொத்த செல்வச் சீமாட்டியிடம் மெருகேறிய ஆங்கிலம் பேசுவாள். சந்தையில் மீன்காரனிடம் பேசுகையில் அதே வாய் மலாயும் ஹொக்கியனும் கலந்த சந்தைமொழிக்கு மாறிவிடும். பணியாளிடம் ஒரு குரல், மாமியாரிடம் ஒரு குரல், மகனிடம் ஒரு குரல். மேடையில் இருப்பவள் ஒருத்தியே. ஆனால் அவள் குரல் மாறும்போதெல்லாம் எதிரே ஓர் ஆள் முளைத்துவிடுகிறார். நாம் முன்னம் என்று குறித்தது இதுவே. மகன் ரிச்சர்ட் இங்கிலாந்தில் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தி வரும் இடத்தில்தான் இவ்வுத்தியின் கூர்மை புலப்படுகிறது. அதுகாறும் எல்லாரையும் ஆட்டிவைத்த பேச்சிற்கு இப்போது எதிரில் ஆளில்லை. அவன் என்ன நினைத்தான் என்பதை அவள் ஒருபோதும் கேட்டறிந்தவளல்லள். நாடகமும் அவனைப் பேசவிடவில்லை. அவன் மறுமொழி எச்சமாகவே நின்றுவிடுகிறது. மறுத்துப் பேச ஒருவருமில்லையே என்று நம் ஆசிரியை கண்ட குறை எமிலியின் வாழ்க்கைக் குறையே என்பதையும், வடிவம் அதனைத் திட்டமிட்டே நமக்குக் காட்டுகிறது என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மலாக்காச் செட்டிகளின் வாழ்வை அறிந்தோர்க்கு இந்நாடகத்தின் பேச்சுமொழியும் உடையும் சடங்கும் முற்றிலும் அயலாகத் தோன்றா என்பதையும் இங்கே இடைக்குறிப்பாகச் சொல்லிச் செல்கிறோம்.

குவோ பாவ் குன்னின் குழிகள்

எமிலி சிரம்பானில் மேடையேறிய அதே 1984இல்தான் சிங்கப்பூரில் குவோ பாவ் குன் தம் முதல் ஆங்கில நாடகத்தை எழுதினார். 'தி காஃபின் இஸ் டூ பிக் ஃபார் த ஹோல்' என்பது அதன் பெயர். 'குழிக்கு அடங்காச் சவப்பெட்டி' எனத் தமிழில் வழங்கலாம். ஆசிரியரே அதனைச் சீனத்திலும் அமைத்தார். 1985இல் இருமொழியிலும் அது மேடையேறியது.

இந்நாடகத்தை நயப்பதற்கு ஆசிரியரின் வரலாறு சிறிது தேவை. சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் 1939இல் பிறந்து, 1949இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர் குவோ. ஆஸ்திரேலியாவில் நாடகக்கலை பயின்று திரும்பி, 1965இல் தம் மனைவி கோ லே குவானுடன் இணைந்து கலைப்பள்ளியொன்றை நிறுவினார். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி 1980வரை தடுத்துவைக்கப்பட்டார். 1977இல் அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. அது மீண்டும் அளிக்கப்பட்டது 1992இல்தான். ஆகவே இந்நாடகத்தை எழுதிய காலத்தில் அவர் தாம் வாழ்ந்த நாட்டின் குடிமகனாக இல்லை. இடையில் 1990இல் அந்நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை எளியது. பாட்டனாரின் இறுதிச் சடங்கு. முன்னோர் முறைப்படி செய்த கனத்த பெரிய சவப்பெட்டி. இடுகாட்டில் அரசு வகுத்த அளவில் தோண்டிய குழி. பெட்டி குழிக்குள் இறங்கவில்லை. ஒருவர்க்கு ஒரு குழி என்பது விதி. இரண்டு குழிக்குரிய இடம் தர அலுவலர்க்கு அதிகாரமில்லை. கூடிய சுற்றத்தார் முன்னிலையில் பேரன் வாதாடுகிறான். ஈற்றில் மேலிடத்து ஒப்புதலுடன் விதிவிலக்கு ஒன்று அளிக்கப்பட்டுப் பாட்டனார் அடக்கம் செய்யப்படுகிறார். நகைச்சுவையாகவே சொல்லிவரும் அப்பேரனுக்கு, அதன்பின் அந்த நிகழ்ச்சி கனவாக வந்து வந்து போகிறது. வரிசை வரிசையாக ஒரே அளவில் கிடக்கும் கல்லறைகளுள் நாளைத் தன்னைத் தன் பேரப்பிள்ளைகள் எப்படி அடையாளம் காண்பர் என்னும் கவலையோடு நாடகம் நிற்கிறது.

அலுவலரைக் கொடியவராகப் படைக்காதது குவோவின் நேர்மை. விதியை வகுத்தவர் மேடையில் இல்லை. விதியைக் காக்கும் எளிய மனிதர் ஒருவரே இருக்கிறார், அவரும் பேரனின் வாய்வழியாகவே நமக்குக் கேட்கிறார். இங்கே கேட்போர் யார்? எமிலியின் முன்னால் அவ்வப்போது ஓர் ஆள் முளைத்தார். இப்பேரனோ அரங்கில் அமர்ந்திருப்போரையே நேர்நோக்கித் தன்னையொத்த குடிமக்களிடம் சொல்வதுபோல் சொல்கிறான். அவர்களும் அதே அளவுக் குழிக்குள் போக இருப்பவர்களே. சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கக்காலமே பதினைந்தாண்டென வரையறுக்கப்பட்டது. அதனை அறிந்து இன்று படிப்போர்க்கு அக்கவலை அன்றைக்கினும் ஆழமாகவே தைக்கும்.

இந்நாடகத்தை வகுப்பில் படித்தபொழுது, தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வந்தபிறகு தம் பாட்டியைப் புதைத்த இடம் எதுவென்று தம் தந்தையாராலேயே காட்ட முடியவில்லை என்றார். அவர்க்குக் குழி பெரிதா சிறிதா என்பதே வினாவன்று. நம்மவர் வரலாற்றில் கோயிலோடு இடுகாடும் சேர்ந்து இடம்பெயர்ந்த கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றைத் தமிழில் ஓராள் நாடகமாக எழுதியவரை நாம் இன்னும் கண்டோமில்லை.

இரண்டாவது ஓராள் நாடகம் 'நோ பார்க்கிங் ஆன் ஆட் டேஸ்' 1986இல் வந்தது. வாகனம் நிறுத்திய குற்றத்திற்காக மீண்டும் மீண்டும் தண்டத்தொகை கட்டும் தந்தை, நியாயம் தம் பக்கமே என்று தெரிந்தும் பணிந்துபோகிறார். உடனிருந்து பார்க்கும் மகனுக்கு அது விளங்கவில்லை. சவப்பெட்டி நாடகத்தின் ஆழம் இதற்கு இல்லை என்பதே நம் மதிப்பீடு. ஆனால் பேசுவோன் தந்தை, உண்மையில் கேட்போன் மகன் என்ற அமைப்பு அடுத்து வந்ததற்கு வழிகோலியது.

பூனையும் தமிழ் முதியவரும்

செய்யுளியல் இன்னொன்றும் கூறுகிறது: ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், புள், நெஞ்சு முதலியவற்றைச் சொல்லுவனபோலவும் கேட்பனபோலவும் வைத்துக் கூறும் மரபு உண்டு என்கிறது. மனிதக் கேட்போர் கிட்டாத இடத்தில் கூற்று இவற்றை நாடும். குவோ 1987இல் எழுதிய நாடகத்தில் ஒரு சிறுமி முதிய மரம் ஒன்றோடு உறவாடுகிறாள். 1988இல் எழுதிய 'மாமா லுக்கிங் ஃபார் ஹர் கேட்' நாடகத்திலோ தாய் ஒருத்தி தன் பூனையைத் தேடி வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவளுக்கு ஹொக்கியன் ஒன்றே தெரியும். பிள்ளைகளோ மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் வளர்ந்தவர்கள். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கமும், 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியானதும் இதன் பின்னணி. வீட்டில் அவள் கூற்றுக்குக் கேட்போர் இல்லை, எஞ்சியிருந்தது பூனைதான்.

இது ஓராள் நாடகமன்று. நடிகர் பலர் சேர்ந்து பயிற்சியில் உருவாக்கிய பன்மொழி நாடகம். ஆயினும் இதன் உயிர்நிலைக் காட்சி இரண்டு ஓராள் நாடகங்கள் எதிர்ப்படும் காட்சியே எனலாம். தேடிச் செல்லும் வழியில் அத்தாய், தன் பூனையைத் தேடும் முதியவர் ஒருவரைக் காண்கிறாள். அவர் தமிழர், தமிழே பேசுகிறார். அவள் ஹொக்கியனில் சொல்கிறாள், அவர் தமிழில் சொல்கிறார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. கையாலும் உடலாலும் பூனையைக் காட்டிக் காட்டி, இருவரும் ஒன்றையே தேடுகின்றனர் என்று கண்டுகொள்கின்றனர். பெற்ற பிள்ளைகளுக்கு விளங்காத தாயின் பேச்சு ஒரு தமிழ் முதியவருக்கு விளங்குகிறது.

அரங்கிலிருந்த சீனர் பெரும்பாலார்க்கு அம்முதியவரின் சொற்கள் விளங்கியிரா. தமிழ் பார்வையாளர் பலர்க்கு அத்தாயின் சொற்கள் விளங்கியிரா. ஒவ்வொருவரும் பாதியை மட்டும் செவியால் கேட்டு மறுபாதியைக் கண்ணால் நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் மொழி பிறிதொரு மொழியாரின் நாடகத்தில் வேடிக்கைக்காகவோ நான்கு மொழிக் கணக்குக்காகவோ இடம்பெறாமல், கதையின் மையத்தில் ஒரு கேட்பவரின் மொழியாக அமைந்த காட்சிகள் மிகச் சிலவே. சிங்கப்பூர்த் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் இதனைச் சீன நாடகம், ஆங்கில நாடகம் என்று ஒதுக்கிவைப்பது பொருந்தாது என்பது நம் உறுதியான கருத்து.

மணியத்தின் சந்தா

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டு கோலாலம்பூரில் 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' என்னும் கலைக்குழு தோன்றியது. நிறுவியோர் ஐவருள் மேலே கண்ட சின் சான் சூய் ஒருவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவரும் நாடக இயக்குநருமான கிரிஷன் ஜித் ஒருவர். கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்த தமிழர் கே. எஸ். மணியம் ஒருவர். மேரியன் டி'குரூசும் ஓவியர் ரெட்சா பியாடாசாவும் மற்றையோர். கிரிஷன் ஜித் 1972 முதல் 1994 வரை 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழில் 'ஊத்தே' என்ற புனைபெயரில் நாடகப் பத்தி எழுதிவந்தார். எம்மொழி மேடையாயினும் சென்று பார்த்து எழுதிய அவரைப் போன்ற ஒருவர் தமிழ் நாளிதழ்களுக்கு வாய்த்திருப்பின் நம் மேடை வேறாக இருந்திருக்கும்.

மணியத்தின் புதினங்களை நம் மாணவர் ஓரளவு அறிவர். நாடகங்களை அறிந்தவர் குறைவு. அவருடைய 'தி சாண்ட்பிட்' முதலில் சந்தா என்னும் மூத்த மனைவி ஒருத்தியின் ஓராள் நாடகமாக அமைந்தது. கணவன் தாஸ் வரவேயில்லை. சந்தா காத்திருக்கிறாள், பேசுகிறாள். அவள் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவ்வாங்கிலத்தின் அடியில் ஓடுவது தமிழ் வீட்டின் நினைவும் சடங்கும் முறைமையுமே. சங்க இலக்கியம் பயின்றவர்க்குப் பரத்தையிற் பிரிவில் இல்லிருந்து ஆற்றியிருக்கும் தலைவியின் நினைவு வராமற் போகாது. ஆயின் இங்கே வாயில்களாக வருவோர் இல்லை, தோழியும் இல்லை.

மணியம் அத்துடன் நிற்கவில்லை. பின்னர் அந்நாடகத்தை விரித்து இளைய மனைவி சுமதியையும் மேடைக்குக் கொண்டுவந்தார். 1994இல் இலண்டனில் வெளிவந்த 'சென்சுவஸ் ஹொரைசன்ஸ்' தொகுப்பில் இருப்பது இவ்விரிந்த வடிவமே. மூத்தாளின் கூற்றில் பழிக்கப்பட்டவள் இப்போது தன் கூற்றைத் தானே சொல்கிறாள். தம் நாடகத்திற்குத் தாமே மறுமொழி எழுதிய அரிய செயல் இது. எமிலியின் மகனுக்குக் கிட்டாத வாய்ப்புச் சுமதிக்குக் கிட்டியது. கலை நேர்த்தியில் பழைய ஒற்றைக் கூற்றே செறிவுடையது என்போர் உளர். நாம் சுமதியின் பக்கம்.

எமிலியாக முதலில் நடித்த லியாவ் புவே தின் எழுதிய 'எ மாடர்ன் உமன் கால்ட் ஆங் தாவ் முய்' (1993) என்பதையும் இவ்வாறே ஒரு மறுமொழியாகக் கருதலாம். மாளிகைத் தலைவியாக மேடையில் வாழ்ந்தவர், வணிக வளாகத்தில் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணொருத்திக்கு, பழைய சீனத் திரை நடிகை லின் டாயின்மீது தீராப் பற்றுக்கொண்ட எளியவளுக்கு, ஒரு முழு மேடையை அளித்தார். எமிலி ஏவல் சொல்லி அனுப்பிய பணிப்பெண்கள் என்ன நினைத்திருப்பர் என்று அப்பாத்திரத்தில் நடித்தவர்க்குத் தோன்றியிருக்கக் கூடும் என்பது நம் ஊகமே.

தமிழில் ஒரு கூற்று

தமிழிலேயே எழுதப்பட்ட ஓராள் நாடகங்களுள் இவ்வரிசையில் தவறாது வைத்து எண்ணத்தக்கது சிங்கப்பூர் இளங்கோவனின் 'தலாக்' ஆகும். 1997இல் தென்கிழக்காசிய எழுத்து விருது பெற்றவர் அவர். இந்திய முஸ்லிம் பெண்ணொருத்தியின் மணவாழ்க்கைத் துன்பத்தை அவள் வாயாலேயே சொல்லும் இந்நாடகம் நர்கிஸ் பானு நடிக்க 1998இல் தமிழில் மேடையேறியது. சமூக அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பும் எழுந்தது. 2000ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் மலாயிலும் அதனை மேடையேற்ற முற்பட்டபொழுது உரிமம் மறுக்கப்பட்டது. எதிர்த்தோர் தம் சமயம் தவறாகக் காட்டப்பட்டதென வருந்தினர். எழுதியவர் ஒரு பெண்ணின் துன்பமே தம் பொருள் என்றார். அவ்வழக்கிற்குள் புகுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் கருதுவது ஒன்றே: தமிழில் மேடையேற முடிந்த கூற்று, கேட்போர் வட்டம் பிறமொழியினர்க்கும் விரியவிருந்தபொழுது நிறுத்தப்பட்டது. நாடகத்தின் பொருள் மாறவில்லை, மாறவிருந்தது கேட்போர் மட்டுமே.

குவோ 2002இலும், கிரிஷன் ஜித் 2005இலும், மணியம் 2020இலும் மறைந்தனர். குவோ 1990இல் ஆர்மீனியன் தெருவின் பழைய மின்நிலையத்தில் தொடங்கிய 'சப்ஸ்டேஷன்' கலைமன்றம் 2021இல் அக்கட்டடத்தைவிட்டு வெளியேறியது. நாடகப் பனுவல்கள் நூல்களாக உள்ளன. அடுத்த பயிலரங்கில் எமிலியின் பகுதியை மீண்டும் கொடுக்க எண்ணியுள்ளோம். இம்முறை அதனைப் படித்தபின் ஆசிரியர்கள் ரிச்சர்டின் கூற்றைத் தமிழில் ஒரு பக்க அளவில் எழுதித் தர வேண்டும். அன்று வினவிய ஆசிரியை பணி ஓய்வு பெற்றுவிட்டார். அவர்க்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.